கிண்ண ஆட்டத்துக்கு வெளிநாடு போகிறீர்களா? டிக்கெட் எடுக்கும் முன் பயணத்தடையைப் பாருங்கள்

2022 அக்டோபர் 22, கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் அரங்கம். ஆசியக் கால்பந்துக் கழகங்களுக்கான ஏஎஃப்சி கிண்ண இறுதியாட்டத்தில் நம் கோலாலம்பூர் அணி கேஎல் சிட்டி, ஓமானின் அல்-சீப்பிடம் 0-3 எனத் தோற்றது. இறுதியாட்டம் நம் ஊரிலேயே நடந்ததால் செந்தூலில் எல்ஆர்டி ரயில் ஏறினால் போதுமானதாக இருந்தது. அதற்கு முந்தைய இரண்டு ஆட்டங்கள் அப்படியில்லை. ஒன்று கொல்கத்தாவில், மோகன் பகானை 3-1 என வென்றது. இன்னொன்று உஸ்பெகிஸ்தானில், சோக்டியானாவைப் பெனால்டியில் வென்றது.

கொல்கத்தா ஆட்டத்துக்கு எங்களோடு கிளம்பிய நண்பர் ஒருவர் கேஎல்ஐஏ விமான நிலையக் குடிநுழைவு முகப்பிலேயே நின்றுவிட்டார். கடப்பிதழ், விசா, டிக்கெட் எல்லாம் கையில் இருந்தன. எப்போதோ அடைத்த ஒரு பழைய பாக்கிக்காக அவர் பெயர் தடைப்பட்டியலில் இருந்தது; அதை யாரும் நீக்கவில்லை. இரவு 11 மணிக்கு அவர் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பியதை நினைத்தால் இன்னும் மனது வலிக்கிறது. இரண்டு நிமிடத்தில் இதை முன்கூட்டியே பார்த்திருக்கலாம்.

குடிநுழைவுத் துறைக்கு எஸ்எஸ்பிஐ என்ற இணையச் சேவை உள்ளது. அடையாள அட்டை எண்ணைக் கொடுத்தால், வெளிநாடு செல்ல உங்களுக்குத் தடை உண்டா இல்லையா என்று காட்டிவிடும். கட்டணம் இல்லை. டிக்கெட் எடுக்கும் முன் ஒருமுறை, பயணத்துக்குச் சில நாள் முன்பு இன்னொருமுறை பாருங்கள். இடையில் புதிதாகப் பெயர் சேரலாம்.

சரி, யார் தடுக்கிறார்கள்? குடிநுழைவுத் துறை பெரும்பாலும் மற்றவர்கள் சொன்னதைச் செய்கிறது. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 104ஆம் பிரிவுப்படி, ஒருவர் வரி பாக்கியோடு நாட்டைவிட்டுப் போகக்கூடும் என்று வருமான வரி வாரியத் தலைமை இயக்குநர் கருதினால் அவரைத் தடுக்கும்படி கேட்கலாம். அதற்கான சான்றிதழின் நகலை உங்களுக்கும் அனுப்ப வேண்டும். ஆனால் அது உங்கள் கைக்கு வராமல் போனாலும் தடை செல்லும். வீடு மாறிய பிறகு முகவரியை மாற்றாதவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். தடை இருப்பது தெரிந்தும் போக முயன்றால் 200 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வரி வாரியத்தின் மைடேக்ஸ் இணையத்தளத்தில் உள்ள இ-லெஜர் கணக்கைத் திறந்தால் பாக்கி எவ்வளவு என்று தெரியும்.

திவாலானவராக அறிவிக்கப்பட்டவர் நொடிப்புத் துறைத் தலைமை இயக்குநரின் அல்லது நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேற முடியாது. முதலில் துறைக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வர நேரமெடுக்கும் என்பதால் அரையிறுதியில் அணி வென்ற பிறகு தொடங்கினால் தாமதமாகிவிடும். தொழிலாளர்களின் ஊழியர் சேமநிதி பணத்தைக் கட்டாத நிறுவன இயக்குநர்களையும் தடுக்க முடியும். சிறு கடை, குத்தகை வேலை என்று தன் பெயரில் செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் நிறுவனம்) பதிவு செய்து வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

பிடிபிடிஎன் கல்விக்கடன் பற்றித்தான் இளைஞர்கள் அதிகம் கேட்கிறார்கள். 2018இல் ஆட்சி மாறியதும் கடன் கட்டாத 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயரைப் பயணத்தடைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். கொள்கை மாறக்கூடியது, ஆகவே அதை நம்பி இருக்காமல் எஸ்எஸ்பிஐயில் பாருங்கள்.

தடை இருந்தால் குடிநுழைவு அலுவலகத்தில் வரிசையில் நிற்பதில் பயனில்லை. தடை போடச் சொன்ன துறையிடம்தான் போக வேண்டும். பாக்கியைக் கட்டுங்கள், அல்லது தவணை முறைக்குப் பேசுங்கள். பிறகு விடுவிப்புக் கடிதம் கேட்டு வாங்குங்கள். பணம் கட்டியதும் பெயர் தானாகப் போய்விடும் என்று இருந்துவிடாதீர்கள். எங்கள் நண்பருக்கு நடந்தது அதுதான்.

அப்புறம் கடப்பிதழ். போகும் நாள் கணக்கில் ஆறு மாதமாவது செல்லுபடி இருக்கட்டும். ஐந்தாண்டுக் கடப்பிதழுக்கு 200 ரிங்கிட். 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 100. உஸ்பெகிஸ்தானுக்கு 2018 முதல் நமக்கு 30 நாள் விசா தேவையில்லை.

சில நேரம் தடை தனிமனிதருக்கு இல்லாமல் நாட்டுக்கே வரும். 2017இல் மலேசிய அணி ஆசியக் கிண்ணத் தகுதிச்சுற்றுக்காகப் பியோங்யாங் போக வேண்டியிருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் மலேசியர்கள் வடகொரியா செல்ல அரசு தடை விதித்தது. கடைசியில் ஆட்டம் தாய்லாந்தின் புரிராமில் நவம்பரில் நடந்தது. ஆகவே எதிரணி எந்த நாடு என்று தெரிந்ததும் வெளியுறவு அமைச்சின் பயண அறிவிப்பைப் படித்துவிட்டு, அதன் பிறகு விமானத்தைத் தேடுங்கள்.

ஏற்கெனவே டிக்கெட் எடுத்துவிட்டுப் போக முடியாமல் போனவர்கள், கட்டணம் திரும்பாவிட்டாலும், விமான நிலையப் பயணிச் சேவைக் கட்டணத்தை விமான நிறுவனத்திடம் கேட்டுப் பெறலாம். பலர் கேட்பதே இல்லை.