டப்பாவில் ‘லோ ஃபேட்’ என்று போட என்ன விதி?

‘லோ ஃபேட்’, ‘ஃபேட் ஃப்ரீ’, ‘லைட்’ போன்ற சொற்களை டயட் யோகர்ட் டப்பாவில் இஷ்டத்துக்கு அச்சடிக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு உண்டு. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் அமைத்த கோடெக்ஸ் அலிமென்டேரியஸ் ஆணையம் இதற்கென 1997இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. பல நாடுகளின் சட்டங்கள் இதையொட்டியே இருக்கின்றன, எண்கள் மட்டும் அங்கங்கே கொஞ்சம் மாறும்.

திட உணவு 100 கிராமில் கொழுப்பு 3 கிராமைத் தாண்டாவிட்டால் ‘லோ ஃபேட்’. அரை கிராமுக்குள் இருந்தால் ‘ஃபேட் ஃப்ரீ’. ‘ஷுகர் ஃப்ரீ’ என்பதற்கும் அதே அரை கிராம்தான் வரம்பு.

இதில் கவனிக்க வேண்டியது, கொழுப்பைப் பற்றிய வாசகம் சர்க்கரையைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. கணக்குப் போட்டே பார்க்கலாம். சாதாரண யோகர்ட்டில் 100 கிராமுக்கு 3.5 கிராம் கொழுப்பு என்று வைத்துக்கொண்டால், கிராமுக்கு 9 கலோரி வீதம் சுமார் 31 கலோரி. அந்தக் கொழுப்பை எடுத்துவிட்டு, ருசிக்காக 8 கிராம் சர்க்கரை சேர்த்தால், கிராமுக்கு 4 வீதம் 32 கலோரி. மிச்சம் பிடித்தது எங்கே? ஆனாலும் ‘ஃபேட் ஃப்ரீ’ என்ற வாசகம் பொய்யில்லை.

அப்புறம், பின்பக்க அட்டவணையில் ‘சர்க்கரை’ என்று வரும் எண் முழுவதும் கொட்டிய சர்க்கரை அல்ல. பாலிலேயே லாக்டோஸ் என்ற இயற்கைச் சர்க்கரை இருப்பதால், எதுவும் சேர்க்காத யோகர்ட்டிலும் 100 கிராமுக்கு 4 முதல் 5 கிராம் வரை காட்டும். அதற்கு மேல் உள்ளது பெரும்பாலும் சேர்த்ததுதான், பழத் துண்டுகள் இருந்தால் அவற்றின் பங்கும் கொஞ்சம் உண்டு. ‘சர்க்கரை சேர்க்கவில்லை’ என்று எழுத விதி இன்னும் கறார்: சர்க்கரைக்குப் பதிலாக அடர்த்தியாக்கிய பழச்சாறோ உலர்பழ விழுதோ போட்டிருந்தாலும் அப்படி எழுதக் கூடாது.

‘லைட்’ என்ற சொல்லைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன். அது ஒப்பீடு மட்டுமே. அதே வகையான இன்னோர் உணவைவிடக் கொழுப்போ கலோரியோ குறைந்தது 25 சதவீதம் குறைந்திருக்க வேண்டும் என்கிறது கோடெக்ஸ். ஐரோப்பிய ஒன்றியத்தில் 30 சதவீதம். 100 கிராமுக்கு 12 கிராம் கொழுப்புள்ள ஐஸ்கிரீமில் அதை 9 கிராமாக்கினால் கோடெக்ஸ்படி ‘லைட்’ ஆகிவிடும். ‘லோ ஃபேட்’ வரம்பைப் போல அது இன்னும் மூன்று மடங்கு! எது குறைந்ததால் ‘லைட்’ என்பதையும் லேபிளில் சொல்லியாக வேண்டும், அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

ஷுகர் ஃப்ரீ இனிப்புகளில் சர்க்கரைக்குப் பதிலாக மால்டிட்டால், சார்பிட்டால் போன்ற இனிப்பூட்டிகள் இருக்கலாம். இவற்றிலும் கலோரி உண்டு, சர்க்கரையைவிடக் குறைவு, அவ்வளவுதான். சேர்த்த அளவு 10 சதவீதத்தைத் தாண்டினால், அதிகம் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கு வரலாம் என்ற எச்சரிக்கையை ஐரோப்பாவில் லேபிளிலேயே போட வேண்டும்.