பற்றவைப்பு: உருகாமலும் பற்றும் உலோகம்

பற்றவைப்பு: இரண்டு உலோகத் துண்டுகளை வெப்பத்தாலோ அழுத்தத்தாலோ, இரண்டையும் சேர்த்தோ ஒரே உடலாக்குவது. பேச்சில் வெல்டிங். வினையாகச் சொன்னால் ‘பற்றவை’. பட்டறையில் ‘வெல்டு வை’, ‘வெல்டிங் அடி’, தகட்டு வேலையில் ‘ஸ்பாட் அடி’.

இதற்குப் போட்டியாக ‘உருக்கிணைப்பு’ என்றும் எழுதுகிறார்கள். கேட்டதும் பொருள் விளங்கிவிடுவதால் பலருக்கும் அது பிடித்திருக்கிறது. தெருமுனைப் பட்டறையில் முகத்துக்குக் கறுப்புக் கண்ணாடி பிடித்தபடி கேட்டுக்குச் சட்டம் அடிப்பவரைப் பார்த்தால் அந்தச் சொல் சரியென்றே தோன்றும். ராடு உருகுகிறது, இரும்பின் ஓரமும் உருகுகிறது, இரண்டும் கலந்து உறைகின்றன. ஆனால் மின்வில்லால் (ஆர்க்) செய்யும் இந்த வேலை வெல்டிங் குடும்பத்தில் ஒரு கிளை மட்டுமே. உலோகம் ஒரு சொட்டுக்கூட உருகாமல் சேர்கிற முறைகள் அதே குடும்பத்தில் பல இருக்கின்றன. அவற்றையும் உருக்கிணைப்பு என்று எழுதினால், படிக்கிற மாணவருக்கு முதல் சொல்லிலேயே தவறான பாடம் போய்ச் சேர்கிறது. பற்றவைப்பையே பொதுப்பெயராக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆங்கில ‘வெல்டு’ எங்கிருந்து வந்தது? கொதித்தல், பொங்கி எழுதல் என்ற பொருளுடைய ‘வெல்’ என்னும் பழைய வினையிலிருந்து. சுவீடிய மொழியிலும் இதன் உறவுச்சொல் கொதிப்பதையும் இரும்பை இணைப்பதையும் சேர்த்தே குறிக்கிறது. இலங்கைத் தமிழ்க் கலைச்சொற்களில் வெல்டிங்குக்குக் ‘காய்ச்சியிணைத்தல்’ என்ற பெயர் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. பாலையும் காய்ச்சுகிறோம், இரும்பையும் காய்ச்சுகிறோம். தமிழில் இரண்டுக்கும் ஒரே வினை. ஆங்கிலச் சொல் எந்தக் காட்சியைக் கண்டு பிறந்ததோ அதே காட்சி இந்தச் சொல்லுக்குள்ளும் இருக்கிறது.

அது கொல்லன் உலைக்களத்துக் காட்சி. இரண்டு கம்பிகளின் முனைகளை வெள்ளையாகப் பழுக்கும்வரை உலையில் வைத்து, மேலே மணல் தூவி, பட்டடையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். மணல் எதற்கு? சூட்டில் இரும்பின் மேல் செதில்போல் படியும் ஆக்சைடோடு அது கூடிக் கண்ணாடிக் குழம்பாகிவிடும். அடி விழும்போது அந்தக் குழம்பு பக்கவாட்டில் தெறித்து வெளியேற, தூய இரும்பு தூய இரும்பைத் தொடும். தொட்ட இடத்தில் பற்றிக்கொள்ளும். இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். நல்ல கொல்லர் அந்த அளவுக்குப் போகவிட மாட்டார். தில்லி இரும்புத் தூண் குப்தர் காலத்தில் இப்படித்தான் உருவானது. 7 மீட்டருக்கு மேல் உயரமும் 6 டன்னுக்கு மேல் எடையும் உள்ள அந்தத் தூண், சிறுசிறு இரும்புக் கட்டிகளைச் சூடாக்கி அடித்து அடித்துச் சேர்த்தது. வார்ப்படம் அல்ல. ஆக, பற்றவைப்பின் மூத்த வடிவத்திலேயே உருகுதல் இல்லை.

இனிப் ‘பற்று’. பிடித்தல், இறுகக் கொள்ளுதல் என்பதே இதன் அடிப்படைப் பொருள். தீப்பற்றுவதும் தீ விறகைப் பிடித்துக்கொள்வதுதான். ‘பற்றவைத்தல்’ என்றால் அடுப்புத்தான் நினைவுக்கு வருகிறது என்று குறைசொல்பவர்களுக்கு இதுவே பதில். உலோக வேலையில் இந்த வேர் நெடுங்காலமாக இருக்கிறது. கொல்லர் சூட்டு இரும்பைப் பிடிக்கக் கையில் வைத்திருப்பது பற்றுக்குறடு. பொற்கொல்லர் வைப்பது பற்றாசு.

பற்றாசைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பற்று + ஆசு; இணைக்க இடையில் வைக்கும் பொடியே ஆசு. இரண்டு பொன்துண்டுகளுக்கு இடையில், பொன்னைவிடக் குறைந்த சூட்டில் உருகும் கலவையைப் பொடியாக்கி வைத்து, ஊதுகுழலால் சுடரை அதன்மேல் செலுத்துவார் பொற்கொல்லர். பொடி உருகி இடுக்கில் ஓடி இரண்டையும் பிணைக்கும். ‘பொடி வைத்து ஊதுகிறான்’ என்ற பேச்சு இந்தப் பட்டறையில் பிறந்ததுதான். அந்த ஆசு யாப்பிலக்கணத்துக்குள்ளும் போயிருக்கிறது. இரண்டு குறள் வெண்பாக்களை இணைத்து நேரிசை வெண்பா ஆக்கும்போது, முதற்குறளின் ஈற்றுச்சீர் தனிச்சொல்லோடு தளை கெடாமல் சேராவிட்டால், நடுவே ஓரிரு அசைகளைக் கூட்டிச் சேர்ப்பார்கள். அந்த அசைக்கு ஆசு என்று பெயர். அப்படி அமைந்த பாட்டு ஆசிடை நேரிசை வெண்பா. பாட்டின் இணைப்புக்குப் பெயர் தேடிய நம் இலக்கணக்காரர்கள் தட்டானின் உலைக்கு முன்னால் போய் நின்றிருக்கிறார்கள் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. (குற்றம் என்று பொருள்படும் ஆசும், விரைவைக் குறிக்கும் ஆசுகவியின் ஆசும் வேறு.)

எனவே பற்றாசு என்ற சொல்லை அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும். மூன்றாவதாக ஓர் உலோகம் உருகி நடுவில் நிற்க, இணைகிற இரண்டும் உருகாமல் இருப்பது பற்றாசு வேலை. சால்டரிங்கும் பிரேசிங்கும் இதில் அடங்கும். இணைப்பு உலோகம் 450 டிகிரிக்குக் கீழே உருகினால் சால்டரிங், மேலே என்றால் பிரேசிங். முதலாவதை மென்பற்றாசு, இரண்டாவதை வன்பற்றாசு என்று எழுதலாம். வெல்டிங்குக்குப் பற்றாசு பொருந்தாது.

அடுத்தது மின்தடைப் பற்றவைப்பு (ரெசிஸ்டன்ஸ் வெல்டிங்). இதைச் சிலர் ‘எதிர்ப்பு வெல்டிங்’ என்று மொழிபெயர்க்கிறார்கள், தவறு. எதிர்ப்பு மனிதர் காட்டுவது. மின்னோட்டத்துக்குக் கம்பி காட்டுவது தடை; பள்ளி இயற்பியலில் மின்தடை என்றே படித்திருக்கிறோம். தடை உள்ள இடத்தில் மின்சாரம் ஓடினால் சூடு பிறக்கும். அந்தச் சூடு மின்னோட்டத்தின் இருமடியையும் தடையையும் நேரத்தையும் பெருக்கினால் கிடைக்கும் அளவு என்பது ஜேம்ஸ் ஜூல் 1840களில் கண்ட விதி. மின்னோட்டம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு. அமெரிக்காவின் எலிஹு தாம்சன், பிலடெல்பியாவின் பிராங்க்லின் நிறுவனத்தில் சொற்பொழிவுக்காக மின்சோதனை செய்துகாட்டியபோது, தொட்டுக்கொண்டிருந்த கம்பி முனைகள் தாமே ஒட்டிக்கொண்டதைக் கவனித்தார். 1886இல் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

காரின் உடற்கூண்டில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். 1 மி.மீ. கனமுள்ள இரண்டு எஃகுத் தகடுகளைச் செம்பாலான இரண்டு மின்வாய்கள் (எலக்ட்ரோடுகள்) மேலும் கீழும் 200 கிலோவுக்கு மேற்பட்ட எடையின் விசையோடு கவ்வும். ஏறத்தாழ 8,000 முதல் 10,000 ஆம்பியர் வரை பாயும். வோல்ட் என்னவோ ஒற்றை இலக்கம்தான். நேரம் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. செம்பில் தடை குறைவு, உள்ளே தண்ணீர் வேறு ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே சூடு முழுவதும் தகடும் தகடும் தொடும் நடு இடத்தில் சேர்கிறது. அங்கே மட்டும் எஃகு உருகி, கவ்விய பிடியிலேயே உறைகிறது. ராடு இல்லை, பொடி இல்லை. இதுதான் புள்ளிப் பற்றவைப்பு. ஒரு காரில் இப்படிச் சில ஆயிரம் புள்ளிகள் இருக்கும்.

உறைந்த அந்தத் துளிக்குத் தமிழில் நிலையான பெயர் இல்லை. நான் ‘பருப்பு’ என்பேன். நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்து, இரண்டு தோல்களுக்கு நடுவே மறைந்திருக்கும் அதன் உருவம் பருப்பேதான். சோதிக்கிறவர்கள் ஒரு தகட்டை உளியால் நெம்பி உரித்துப் பார்ப்பார்கள். பருப்பு ஒரு தகட்டோடு வந்து, மற்றதில் ஓட்டை விழுந்தால் பற்று நன்று. இரண்டும் வழுவழுப்பாகப் பிரிந்தால் அந்தப் புள்ளி வீண்.

மின்வாய்கள் சக்கரமாகி உருண்டுகொண்டே போனால் புள்ளிகள் நெருங்கி ஒரே கோடாகும். தகட்டாலான பெட்ரோல் டேங்குக்கு இந்த முறைதான், கசிவு கூடாதல்லவா. தையல் பற்றவைப்பு என்று தயங்காமல் சொல்லலாம். தண்டவாளங்களை முனையோடு முனை முட்டவைத்து மின்பொறி பறக்கச் சூடாக்கி நெருக்குவது முட்டுப் பற்றவைப்பு.

திண்மநிலைப் பற்றவைப்பில் உருகுதலே கிடையாது. 1724இல் ஜான் டெசாகுலியர்ஸ் லண்டன் ராயல் சொசைட்டிக்கு இரண்டு ஈயக் குண்டுகளைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் கத்தியால் ஒரு சில்லைச் சீவிவிட்டு, சீவிய முகங்களைச் சேர்த்து முறுக்கி அழுத்தினார். குண்டுகள் ஒட்டிக்கொண்டு எடை தாங்கின. தீயும் இல்லை, பற்றாசும் இல்லை. தூய உலோகம் தூய உலோகத்தை நெருங்கித் தொட்டால் பற்றும். மற்ற நேரங்களில் அது நடக்காததற்குக் காரணம் மேலே படிந்திருக்கும் ஆக்சைடுத் தோலும் முகத்தின் மேடுபள்ளமும். திண்மநிலை முறைகள் எல்லாமே இந்த இரண்டையும் ஒழிக்கும் வழிகள்தாம். அலுமினியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது 660 டிகிரியில் உருகும்; அதன் ஆக்சைடுத் தோலோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். அந்தத் தோலை உருக்கப் பார்ப்பதைவிடக் கிழித்து ஒதுக்குவது எளிது.

உராய்வுப் பற்றவைப்பில் ஒரு தண்டு சுழல, மற்றது அதன்மேல் அழுந்தும். தோல் தேய்ந்து, சூட்டில் இளகிய உலோகத்தோடு விளிம்பில் பிதுங்கி வெளியேறும். எஞ்சின் வால்வின் தலையையும் தண்டையும், இரண்டும் வேறுவேறு எஃகாக இருந்தாலும், இப்படிச் சேர்க்கிறார்கள்.

1991இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே உள்ள வெல்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வெய்ன் தாமஸும் உடன் பணியாற்றியவர்களும் இதை இன்னொரு படி கொண்டுபோனார்கள். இரண்டு அலுமினியத் தகடுகள் சேரும் கோட்டில் சுழலும் முளை ஒன்றை இறக்கி, அப்படியே முன்னே நகர்த்தினார்கள். உலோகம் உருகாமல், மாவாக இளகி, முளையைச் சுற்றிப் பின்னால் போய்ச் சேர்கிறது. ஜப்பானிய ரயில்பெட்டிகளும் ஃபால்கன் 9 ராக்கெட்டின் தொட்டிகளும் இப்படி இணைந்தவை. இதற்கு ‘உராய்வுக் கலக்கல்’ என்று எழுதக் கண்டிருக்கிறேன். கலக்குவது நீரை, மோரை. அல்வாவையும் உப்புமாவையும் நாம் கலக்குவதில்லை, கிளறுகிறோம். கையை எதிர்த்து நிற்கும் கெட்டிப் பண்டத்துக்கு உரிய வினை அது. உருகாத உலோகத்துக்கு உராய்வுக் கிளறல் பற்றவைப்பு என்பதே பொருந்தும்.

மீயொலிப் (காதுக்கு எட்டாத ஒலி) பற்றவைப்பு மின்னணுச் சில்லுகளுக்குள் முடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகளை அதிர்வால் பற்றவைக்கிறது. வெடிப்புப் பற்றவைப்பு ஒரு தகட்டை இன்னொன்றின்மேல் வெடிமருந்தால் அறைந்து, டைட்டேனியத்தையும் எஃகையும்கூடச் சேர்த்துவிடும். வெட்டிப் பார்த்தால் இணைந்த கோடு பெரும்பாலும் அலையலையாக இருக்கும்.

இன்னொன்று விரவல் பற்றவைப்பு. மெருகேற்றிய இரண்டு டைட்டேனிய முகங்களை வெற்றிட உலையில் அழுத்தி, மணிக்கணக்கில் சூட்டிலேயே வைத்திருப்பார்கள். அணுக்கள் அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் மெல்ல விரவும். வேலை நன்றாக முடிந்த துண்டை அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால், படிகமணிகள் பழைய எல்லையைத் தாண்டி வளர்ந்திருக்கும். எங்கே இணைந்தது என்று காட்ட ஒரு கோடுகூட இருக்காது.