இருபதாயிரம் போட்டோ, எந்தத் தேதியை நம்பி அடுக்குவது?

செங்கோட்டை, புளியரை, அந்தப் பக்கம் ஆரியங்காவு, புனலூர் என்று தமிழ்நாடு–கேரள எல்லையின் இரு புறமும் சொந்தபந்தம் உள்ள குடும்பங்களில் போட்டோக்களும் அப்படியே பரவிக் கிடக்கும். ஒரு கல்யாணத்துக்கு ஸ்டுடியோக்காரர் தந்த பென்டிரைவ், துபாயிலிருந்து வந்த மாமாவின் கேமரா, வாட்ஸ்அப் குரூப்பில் வந்தவை, பழைய ஆல்பத்தை ஸ்கேன் செய்தவை. பத்துப் பதினைந்து வருஷத்துச் சேகரிப்பை ஒரே ஹார்டு டிஸ்கில் கொட்டினால் இருபதாயிரம் கோப்பு சாதாரணமாகச் சேரும். அதை ஆண்டு, மாதம், நாள் என்று பிரித்து வைக்க ஒரு ஸ்கிரிப்டுக்கு, அதாவது நாம் எழுதித் தரும் சிறு நிரலுக்கு, சில நிமிடம் போதும். எந்தத் தேதியை எடுத்துக்கொள்வது என்று அதற்குச் சொல்லித் தருவதில்தான் வேலையின் பெரும்பகுதி இருக்கிறது.

ஒரே போட்டோவுக்குப் பல தேதிகள் உண்டு. கணினி காட்டும் 'உருவான தேதி' பெரும்பாலும் அந்தக் கோப்பு இந்த டிஸ்குக்கு வந்த தேதிதான். நேற்று நகல் எடுத்திருந்தால் நேற்றைய தேதி. 'மாற்றிய தேதி' நகல் எடுக்கும்போது பொதுவாகத் தப்பிப் பிழைக்கும். போட்டோவைச் சற்றுத் திருப்பிச் சேமித்தாலே போய்விடும். நம்பத் தகுந்தது கோப்புக்குள்ளேயே கேமரா எழுதி வைக்கும் எக்ஸிஃப் குறிப்பு. ஜப்பானிய மின்னணுத் தொழில் அமைப்பு 1995-இல் வகுத்த முறை இது. வழக்கமான போட்டோக் கோப்பு வகையான ஜேபெக்கின் தொடக்கத்திலேயே, 64 கிலோபைட்டுக்குள் அடங்கும் ஒரு பகுதியில் இருக்கும். அதில் மூன்று தேதிகள் உண்டு: படம் எடுத்த நேரம், டிஜிட்டலாக மாறிய நேரம், கடைசியாகத் திருத்திய நேரம். செல்போன் படத்தில் முதல் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். ஸ்கேன் செய்த படத்தில் பல வருஷம் விலகி நிற்கும். நமக்கு வேண்டியது முதலாவது. '2023:05:24 04:45:10' என்று வெறும் எழுத்துகளாக அது பதிந்திருக்கும். நேர மண்டலத்தைக் குறிக்கும் இடம் 2016-இல் வந்த பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. எனவே பழைய கேமராப் படங்களில் அது எந்த ஊர் நேரம் என்பதற்குச் சான்றே இருக்காது.

இந்த வேலைக்கு ஃபில் ஹார்வி எழுதிய எக்ஸிஃப்டூல் என்ற இலவச நிரல் போல வேறொன்று இல்லை. ஜேபெக், ரா (கேமராவின் பதப்படுத்தாத மூலப் படம்), வீடியோ எல்லாவற்றையும் படிக்கும்; படித்த தேதியைக் கொண்டே கோப்பை உரிய ஃபோல்டருக்கு நகர்த்தும். இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று. ஒரே கட்டளையில் பல தேதிகளை வரிசையாகக் கொடுத்தால், கடைசியாகச் சொன்ன தேதிக்குத்தான் முதலிடம். அது இல்லாத கோப்புக்கு மட்டும் அதற்கு முந்தையது. ஆகவே வரிசையைத் தலைகீழாக எழுத வேண்டும்: முதலில் டிஜிட்டலாக மாறிய நேரம், கடைசியில் படம் எடுத்த நேரம். கோப்பின் 'மாற்றிய தேதி'யை இந்த வரிசையில் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் தேதி தெரியாத படங்கள்கூட ஏதோ ஒரு ஃபோல்டரில் போய்க் குந்திக்கொள்ளும், பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. எக்ஸிஃப் இல்லாதவை 'தேதி தெரியாதவை' என்ற தனி ஃபோல்டருக்குப் போகட்டும்.

எக்ஸிஃப்டூலை ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாக அழைக்கும் ஸ்கிரிப்டுகளைப் பார்க்கலாம். அது பெர்ல் மொழியில் எழுதிய நிரல்; ஒவ்வொரு அழைப்புக்கும் பெர்ல் புதிதாகக் கிளம்ப வேண்டும், இருபதாயிரம் தடவை. மேல் ஃபோல்டரை மட்டும் காட்டி, உள்ளே இருப்பதையெல்லாம் அதுவே தேடிச் செல்லும்படி ஒரே கட்டளையாகக் கொடுப்பதுதான் சரி.

தனியே ஒதுங்கியவற்றில் பாதிக்கு மேல் வாட்ஸ்அப் படங்களாகவே இருக்கும். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது எக்ஸிஃபைக் களைந்துவிடும். ஆண்ட்ராய்டில் 'ஐஎம்ஜி-20230525-டபிள்யூஏ0012' என்பதுபோல் பெயர் வைக்கும். நடுவில் உள்ள எட்டு இலக்கத்தை ஸ்கிரிப்ட் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது படம் வந்து சேர்ந்த நாள். பழைய குற்றால சீசன் படத்தைச் சித்தி இன்றைக்கு அனுப்பினால் இன்றைய தேதிதான் இருக்கும். எனவே இவற்றை ஆண்டு, மாதம் வரை மட்டும் பிரித்து, 'வாட்ஸ்அப்' என்ற உள்ஃபோல்டரில் வைப்பது நல்லது.

வீடியோவில் இன்னொரு சிக்கல். எம்பி4, எம்ஓவி கோப்புகளில் நேரம் 1904 ஜனவரி 1 முதல் எத்தனை விநாடி என்ற எண்ணாகப் பதிகிறது. விதிப்படி அது உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். விடியற்காலை முகூர்த்தக் கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மே 24, காலை 4:45-க்குத் தாலி கட்டுகிறார்கள். போட்டோ எக்ஸிஃபில் மே 24 என்றே இருக்கும். அதே நிமிடத்தில் எடுத்த வீடியோவில் மே 23, இரவு 11:15. ஸ்கிரிப்ட் அதைக் கொண்டுபோய் முந்தின நாள் பெண்ணழைப்போடு சேர்த்துவிடும். எக்ஸிஃப்டூலில் குவிக்டைம்யூடிசி என்ற விருப்பத்தை இயக்கினால் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிக் கொடுக்கும். ஐபோன் வீடியோவில் நேர மண்டலத்தோடு எழுதிய தனித் தேதி ஒன்றும் உண்டு, அதையே எடுக்கலாம். ஆனால் கேமராக்கள் பலவும் விதியை மீறி உள்ளூர் நேரத்தையே அந்த இடத்தில் எழுதுகின்றன. அவற்றுக்கும் ஐந்தரை மணி கூட்டினால் மாலை நேரத்து வரவேற்பு மறுநாளுக்குத் தாவிவிடும். ஒவ்வொரு கருவியிலும் எடுத்த நேரம் நிச்சயமாகத் தெரிந்த ஒரு வீடியோவைச் சோதித்துவிட்டு, கேமரா மாடல்வாரியாக முடிவெடுங்கள்.

பிரித்து முடித்ததும் 1904, 1970, 1980, 2000 என்ற ஆண்டு ஃபோல்டர்களைத் திறந்து பாருங்கள். அவை பெரும்பாலும் கருவியின் கடிகாரம் பூஜ்யத்துக்குத் திரும்பியதன் அடையாளம். பேட்டரி முழுதாக இறங்கிய கேமராவில் தேதியைத் திரும்ப வைக்காமல் எடுத்தால் இப்படித்தான் ஆகும். அந்தக் கேமராவில் எடுத்த படங்களில் ஒன்றுக்காவது உண்மையான நேரம் தெரிந்தால் போதும். வித்தியாசத்தைக் கணக்கிட்டு எல்லாவற்றுக்கும் கூட்டிவிடலாம். துபாயிலிருந்து வந்த கேமராவின் கடிகாரம் மாற்றப்படாமல் இருந்தால் ஒன்றரை மணி கூட்ட வேண்டும், சவூதி என்றால் இரண்டரை மணி. அந்த மாடலுக்கு மட்டும் என்று நிபந்தனை போட மறக்கக் கூடாது. இப்படி எக்ஸிஃபைத் திருத்தும்போது எக்ஸிஃப்டூல் மூலக் கோப்பைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும். டிஸ்கில் இரண்டு மடங்கு இடம் வேண்டும். வெறுமனே நகர்த்தும்போது அப்படி வைக்காது.

இரட்டைப் பிரதிகளை நீக்குவது இந்தத் திருத்தங்களுக்கு முன்பே நடக்க வேண்டும். முதலில் ஒரே அளவுள்ள கோப்புகளைச் சேர்த்து, அவற்றுக்கு மட்டும் ஷா-256 என்ற, கோப்பின் கைரேகை போன்ற குறியைக் கணக்கிட்டு, அதன் 64 எழுத்தும் ஒத்துப்போனால் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். தேதியில் ஒரு விநாடியைத் திருத்தினாலே இந்தக் குறி அடியோடு மாறிவிடும். பிறகு ஒரே படத்தின் இரு பிரதிகளையும் ஸ்கிரிப்ட் வேறு வேறு படமாகத்தான் பார்க்கும்.

கோப்புக்குத் தேதி-நேரத்தையே பெயராக வைத்தால், தொடர்ச்சியாக எடுத்த படங்கள் ஒரே விநாடியில் மோதும். எக்ஸிஃப்டூல் ஏற்கெனவே உள்ள கோப்பின் மேல் எழுதாது. லினக்ஸில் பைதான் என்ற நிரல்மொழியின் பெயர்மாற்றக் கட்டளை சத்தமில்லாமல் பழையதை அழித்து எழுதிவிடும். விண்டோஸில் அதே கட்டளை பிழை காட்டி நிற்கும். விண்டோஸில் சோதித்த ஸ்கிரிப்டை லினக்ஸில் ஓட்டிப் படங்களை இழப்பது இப்படித்தான். பெயரின் இறுதியில் வரிசை எண் சேர்க்கச் சொல்லுங்கள். முதல் ஓட்டம் எதையும் நகர்த்தாமல், என்ன செய்யப்போகிறது என்பதைப் பட்டியலாகக் காட்டும் சோதனை ஓட்டமாக மட்டும் இருக்கட்டும்.

ஸ்கேன் செய்த பழைய படங்களுக்கு மனிதக் கண்தான் வேண்டும். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்தது. அந்தக் காலப் படங்களின் பின்புறம் கொல்லம் ஆண்டு எழுதியிருக்கலாம். அந்த ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆங்கில ஆண்டுக்கு மாற்ற, ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் ஆடி வரை 825 கூட்ட வேண்டும். '1126 சித்திரை' என்றால் 1951. மார்கழி மட்டும் இரண்டு ஆங்கில ஆண்டிலும் கால் வைத்திருப்பதால் நாளையும் பார்க்க வேண்டும். குறிப்பே இல்லாத படத்தில் ஆரியங்காவுப் பாதையில் மீட்டர்கேஜ் ரயில் ஓடினால், அது 2010-க்குப் பிந்தையதாக இருக்க முடியாது. அந்த ஆண்டுதான் புனலூர்–செங்கோட்டை மீட்டர்கேஜ் நின்றது. இத்தகைய தேதியை எக்ஸிஃபிலேயே எழுதுங்கள். பென்டிரைவ்கள் கோப்புகளை அடுக்கும் ஃபேட் முறை 1980-க்கு முந்தைய கோப்புத் தேதியை ஏற்காது. எக்ஸிஃப் வெறும் எழுத்து என்பதால் 1951-ஐயும் தாங்கும். மாதம் தெரியாதபோது ஆண்டை மட்டும் ஏற்கும் எக்ஸ்எம்பி என்ற இன்னொரு வகைக் குறிப்பு இருக்கிறது, ஜனவரி 1 என்று பொய்யாக நிரப்ப வேண்டாம்.

ஃபோல்டர் பெயரில் ஆண்டு முன்னால் வரட்டும்: '2023-05-24 செங்கோட்டை கல்யாணம்'. அகர வரிசையே கால வரிசையாகிவிடும். தமிழில் பெயர் வைப்பதில் தயக்கம் வேண்டாம், ஒன்றை மட்டும் கவனியுங்கள். 'கோ' என்பதில் உள்ள ஓகாரக் குறியை, கணினி எழுத்துகளுக்கான யூனிகோடு முறையில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். முதல் முறையில் 'செங்கோட்டை' 10 குறி, 30 பைட். இரண்டாவதில் 11 குறி, 33 பைட். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. பழைய மேக் கணினிகள் பிரித்தே சேமித்தன. அந்த ஹார்டு டிஸ்கை லினக்ஸுக்குக் கொண்டுவந்தால் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் நிற்கும், பாதிப் படம் இதில், பாதிப் படம் அதில். ஃபோல்டர் உண்டாக்கும் முன் பெயரை என்எஃப்சி என்ற, சேர்த்தே எழுதும் வடிவத்துக்கு மாற்ற பைதானில் ஒரே வரி போதும். யூனிகோட்டேட்டா என்ற தொகுப்பு அதோடேயே வருகிறது.