பக்கக் குமிழ் பிரேக் அல்ல

மீன்பிடித் தூண்டில் ரீல்களைப் பழுதுபார்க்கும் என் மேசைக்குக் கடந்த வாரமும் அதே நோயுடன் ஒரு பெயிட்காஸ்டிங் ரீல் வந்து சேர்ந்தது. கனடாவிலிருந்து அண்ணன் அனுப்பியது; பெட்டியின் புது மணம்கூடப் போயிருக்கவில்லை. ஆனால், கைப்பிடிப் பக்கத்திலுள்ள சிறு குமிழின் விளிம்பைச் சுற்றிக் குறட்டின் பற்கள் பதிந்திருந்தன. கொண்டுவந்த தம்பி, "அண்ணை, எவ்வளவு இறுக்கினாலும் நூல் சிக்குது, எறிஞ்சாப் பத்துப் பாகம்கூடப் போகுதில்லை, இது கள்ளச் சாமானோ?" என்று கேட்டார். சாமான் நல்ல சாமான்தான். கெடுத்தது குறடு. திருகோணமலையில் பெயிட்காஸ்டர் வைத்திருப்பவர்களின் தொகை ஆண்டுதோறும் கூடிக்கொண்டு வருகிறது. அவர்களுள் பெரும்பாலோர் இதே பிழையுடனேயே என்னிடம் வருவதால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிக் களைத்துப்போன விடயத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஸ்பின்னிங் ரீலில், நூல் சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூல் அசையாமல் நிற்க, நூல் அதன் விளிம்பைத் தாண்டி உருவிக்கொண்டு போகிறது. பெயிட்காஸ்டரிலோ ஸ்பூலே சுழன்று நூலைக் கொடுக்கிறது. நூல் முனையில் கட்டிய லூர், அதாவது செயற்கை இரை, இழுக்கும் வேகத்தை ஸ்பூலின் வேகம் மிஞ்சும்போது நூல் பொங்கிச் சிக்காகிறது. இதை இந்த ரீலை வாங்கியவர்கள் எல்லோரும் அறிவார்கள் என்பதால் மேற்கொண்டு விரிக்கவில்லை. அவர்கள் அறியாதது, ஸ்பூலை அடக்க இந்த ரீலில் இரண்டு வெவ்வேறு அமைப்புகள் இருக்கின்றன என்பதும், அவை இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பதும்தான்.

கைப்பிடிப் பக்கத்தில் இருக்கும் சிறு குமிழ், ஸ்பூலின் அச்சு முனையை ஒரு மெல்லிய தகட்டின் மீது அழுத்துகிறது. அந்த உராய்வு ஸ்பூல் வேகமாகச் சுழன்றாலும் மெதுவாகச் சுழன்றாலும் ஏறக்குறைய ஒரே அளவாகவே இருக்கும். எதிர்ப்பக்கத் தட்டில் இருக்கும் பிரேக் அப்படிப்பட்டதல்ல. அது மையவிலக்குப் பிரேக்காக இருந்தால், சுழற்சியால் வெளியே தள்ளப்படும் சிறு கட்டைகள் ஒரு வளையத்தில் உரசும். அந்த விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். காந்தப் பிரேக்காக இருந்தால் எதுவும் எதனோடும் உரசுவதில்லை. காந்தத்தின் அருகே சுழலும் அலுமினியத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து அதுவே சுழற்சியை எதிர்க்கும். அந்த எதிர்ப்பும் வேகம் கூடக் கூடும். பழைய வீட்டு மின்மானியில் சுழலும் அலுமினியத் தட்டை அடக்கி வைத்திருப்பதும் இதே தத்துவம்தான்.

இப்போது ஓர் எறிதலை எண்ணிப் பாருங்கள். தடியை வீசி நூலை விடும் நொடியில் ஸ்பூல் தன் உச்ச வேகத்தை அடைகிறது. அதே வேளையில், லூரைக் காற்று தடுக்கத் தொடங்கிவிடுகிறது. ஆகவே, அடக்கம் மிகுதியாகத் தேவைப்படுவது தொடக்கத்தில்தான். லூர் பாதி வழி போன பின்னர் ஸ்பூலும் தளர்ந்துவிடும். அப்போது அதைச் சுதந்திரமாகச் சுழல விட்டால்தான் தூரம் கிடைக்கும். வேகத்தோடு கூடிக் குறையும் பிரேக் இந்தத் தேவைக்கு அப்படியே பொருந்துகிறது. குமிழோ எல்லா நேரமும் ஒரே அளவில் பிடித்துக்கொண்டிருப்பதால், தொடக்கப் பொங்கலை அதனால் மட்டுமே அடக்க முயன்றால் அளவுக்கு மீறி இறுக்க வேண்டியிருக்கும். அப்படி இறுக்கியதும் எறிதலின் பிற்பாதி செத்துப்போகும். தூரம் போகவில்லை என்று இன்னும் பலமாக வீசுவீர்கள். பலமாக வீசினால் தொடக்க வேகம் கூடும். கூடினால் மறுபடியும் சிக்கும். சிக்கினால் மறுபடியும் இறுக்குவீர்கள். கையால் இறுக்க முடியாத நிலை வரும்போது குறடு வருகிறது. அதன் பிறகு நான் பார்ப்பது தேய்ந்த தகடும் தழும்பேறிய அச்சு முனையும்தான்.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வகை ரீல்களின் முன்னோடிகளைச் செய்த ஜோர்ஜ் ஸ்னைடர் ஒரு கடிகாரத் தொழிலாளி. கடிகாரத்துக்குக் குறடு எடுப்பவர் எவரும் இலர் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. கைப்பிடிக்கும் ரீலின் உடலுக்கும் இடையில் நட்சத்திர வடிவில் இருக்கும் சில்லை இறுக்கினால் எறிதல் மாறும் என்று சிலர் நம்புகிறார்கள். அது மீன் இழுக்கும்போது நூல் வழுக்கிக் கொடுக்கும் டிராக். எறிதலுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

சரி, எப்படி அமைப்பது? புதிதாகப் பழகுபவர் 15 கிராம் அளவிலான ஒரு லூரைக் கட்டிக்கொண்டு, தடியைக் கிடையாகப் பிடித்து, ஸ்பூலை விடுவிக்கும் பெருவிரல் பட்டையை அழுத்தி லூரை விழ விட வேண்டும். அது கல்லைப் போல் விழாமல் நிதானமாக இறங்கி, தரையைத் தொட்டதும் ஸ்பூல் ஓரிரு சுற்றுக்குள் நிற்குமாறு குமிழைத் திருப்ப வேண்டும். ரீலோடு வரும் கையேடுகள் பெரும்பாலும் இதைத்தான் சொல்கின்றன. தொடங்குவதற்கு இது போதுமானது. பிறகு எதிர்ப்பக்கப் பிரேக்கை உச்சத்தில் வைத்து, பலம் சிறிதும் காட்டாமல் எறிந்து பாருங்கள். சிக்காவிட்டால் டயலில் ஒரு படி குறைத்து மறுபடியும் எறியுங்கள். இப்படியே குறைத்துக்கொண்டு போனால், ஒரு கட்டத்தில் ஸ்பூலின் மேல் நூல் வளையங்கள் லேசாக எழும்பத் தொடங்கும். அங்கிருந்து ஒரு படி திரும்பக் கூட்டுங்கள். அந்த லூருக்கு, அந்தக் காற்றுக்கு, உங்கள் கைக்கு உரிய அளவு அதுதான்.

பெருவிரல் பழகிய பிறகு குமிழை மெல்ல மெல்லத் தளர்த்திக் கொண்டு வாருங்கள். ஸ்பூலைப் பெருவிரலால் இடமும் வலமும் தள்ளிப் பார்த்தால் 'டக்' என்று ஆடக் கூடாது. அந்த ஆட்டம் நின்ற இடத்தில் குமிழ் நின்றால் போதும். அதன் பின்னர் அதைத் தொட வேண்டிய தேவையே அநேகமாக வராது. லூர் மாறும்போதும் காற்று மாறும்போதும் நீங்கள் தொட வேண்டியது பிரேக் டயலை மட்டுமே. மையவிலக்குக் கட்டைகளைத் தட்டைத் திறந்து கையால் மாற்றும் வகை ரீல் வைத்திருப்பவர்கள், எதிரெதிரான கட்டைகளைச் சோடி சோடியாக இயக்குங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் இயக்கினால் ஸ்பூலின் சமநிலை கெடும்.

லூர் மாறினால் அளவும் மாறும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் கேட்பாரில்லை. உப்புவெளிக் கரையில் பாரைக்கும் சீலாவுக்கும் 30 கிராம் உலோக ஜிக்கை எறிந்த அதே அமைப்புடன், அடுத்த நாள் கந்தளாய்க் குளத்துக்குப் போய் விராலுக்குத் தவளை லூரை எறிந்தால் சிக்கத்தான் செய்யும். உலோக ஜிக் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். தவளை பருமனானது, பாரம் குறைந்தது, காற்றில் விரைவாகத் தளர்ந்துவிடும். ஆகவே பிரேக் கூட வேண்டும். 7 கிராமுக்குக் குறைந்த லூர்களைச் சாதாரணப் பெயிட்காஸ்டரால் எறிய முயன்று மனம் நோக வேண்டாம். அதற்கு ஸ்பின்னிங் ரீலே மேல்.

காற்றும் அப்படியே. கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நிலாவெளி, உப்புவெளிக் கரைகளில் காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். லூரை அதுவே கொண்டுபோவதால் பிரேக்கைக் குறைக்கலாம். வடகீழ்ப் பருவக்காற்று கடலிலிருந்து முகத்துக்கு நேரே அடிக்கும்போது லூர் சட்டென்று தளரும், ஸ்பூல் தளராது. அந்த நாட்களில் டயலை இரண்டு மூன்று படி கூட்டி, லூரை மேலே தூக்கி எறியாமல் தாழ்வாக எறியுங்கள்.

நூலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்பூலை விளிம்பு முட்ட நிரப்பிக்கொண்டு வருபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. விளிம்புக்குக் கீழே சுமார் 3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். பழகும் காலத்தில் 12 முதல் 15 இறாத்தல் பாரம் தாங்கும் தங்கூசி (ஒற்றையிழை நைலோன் நூல்) நல்லது, சிக்கினாலும் அவிழ்க்கலாம். பல இழைகளைப் பின்னிய பிரெய்ட் நூல் போடுவதாயின், அது வெறும் ஸ்பூலில் வழுக்கும் என்பதால், அடியில் சில மீற்றர் தங்கூசியைச் சுற்றி, அதன் மேல் ஈரத் துணியால் இறுகப் பிடித்துக்கொண்டு சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றிய பிரெய்ட், பெரிய மீன் இழுத்ததும் உள் அடுக்குகளுக்குள் புதைந்து, அடுத்த எறிதலில் நடுவழியில் பிடித்து நிறுத்திவிடும். புதிதாகப் பழகுபவர்களுக்கு ஒரு சிறிய உபாயம்: நீங்கள் எறியக்கூடிய தூரத்தைவிடச் சற்று அதிகமாக நூலை இழுத்துவிட்டு, ஸ்பூலில் எஞ்சியதன் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, அதன் மேல் மறுபடியும் சுற்றிக்கொள்ளுங்கள். எவ்வளவு மோசமாகச் சிக்கினாலும் டேப்புக்குக் கீழே இறங்காது.

எறியும்போது லூர் தடி முனையிலிருந்து ஒரு சாண் தொங்கட்டும். கையைத் திருப்பி ரீலின் கைப்பிடி மேல்நோக்கி இருக்கப் பிடித்து, தடியே வளைந்து எறியும்படி சீராக வீசுங்கள். வெட்டி இழுப்பது போன்ற வீச்சுக்கு எந்தப் பிரேக்கும் ஈடுகொடுக்காது. பெருவிரல் நூலை அழுத்தாமல் அதன் மேல் படிந்தும் படியாமலும் இருக்க வேண்டும். லூர் தண்ணீரைத் தொடும் கணத்தில் ஸ்பூலை முற்றாக நிறுத்த வேண்டும். இதைச் செய்ய மறந்தால், விலையுயர்ந்த டிஜிட்டல் பிரேக் ரீலிலும் நூல் பொங்கத்தான் செய்யும்.

சிக்கிவிட்டதா? கத்தியைத் தயவுசெய்து கீழே வையுங்கள். அலுமினிய ஸ்பூலில் கத்தி போட்ட கீறலில் உப்பு ஏறி அரிக்கத் தொடங்குவதையும், கீறலின் பிசிரில் உரசி நல்ல நூலும் அறுவதையும் அடிக்கடி பார்க்கிறேன். நட்சத்திர டிராக்கை முழுவதும் இறுக்கி, சிக்கின் மேல் பெருவிரலைப் பலமாக அழுத்திக்கொண்டு, கைப்பிடியைச் சில சுற்றுகள் சுற்றுங்கள். பிறகு பட்டையை அழுத்தி நூலை மெல்ல இழுங்கள். ஒரு தடவையில் வராவிட்டால் திரும்பச் செய்யுங்கள். பெரும்பாலான சிக்குகள் இப்படியே அவிழ்ந்துவிடும். அவிழ்ந்த பின்னர் டிராக்கைப் பழைய நிலைக்குத் தளர்த்த மறக்க வேண்டாம்.

எண்ணெய் விடயத்தில் நம்மவர்களின் தாராளம் அளவில்லாதது. தேங்காய் எண்ணெய், என்ஜின் எண்ணெய், துருவை இளக்கும் ஸ்பிரே எல்லாவற்றையும் ஸ்பூல் பெயாரிங்கில் கண்டிருக்கிறேன். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகும். என்ஜின் எண்ணெய் தடிப்பானது, ஸ்பூலை மந்தமாக்கும். ஸ்பிரே உள்ளேயுள்ள கிரீஸைக் கழுவிக்கொண்டு போகும். ரீலுக்குரிய மெல்லிய எண்ணெய் பெயாரிங்குக்கு ஒரு துளி. அது கிடைக்காவிட்டால், தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி. இரண்டாவது துளி மையவிலக்குப் பிரேக்கின் வளையத்துக்கு வழிந்தால் கட்டைகள் வழுக்கும். நேற்றுவரை ஒழுங்காக இருந்த ரீல் இன்று காரணமில்லாமல் சிக்குகிறது என்று வருபவர்களில் பலருக்குக் காரணம் இதுவே. கடலிலிருந்து வந்ததும் டிராக்கை இறுக்கி, நல்ல தண்ணீரை மெல்லத் தெளித்து உப்பைப் போக்கி, துடைத்து, டிராக்கைத் தளர்த்தி நிழலில் காயவிடுங்கள். வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்துவதும் பைப்பைத் திறந்து பீச்சுவதும் உப்பை உள்ளே தள்ளும் வேலை.

கடைசியாக, ரீலைவிடப் பெறுமதியான ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். வேகமாகப் போய்க்கொண்டிருக்கும் லூர் சிக்கினால் நூல் அறுந்து, மும்முனைத் தூண்டில்களோடு அது எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கிண்ணியாப் பாலத்திலும் கரைவலை இழுக்கும் கடற்கரைகளிலும் பின்னால் ஆட்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள்; சிறுபிள்ளைகளும் நிற்கிறார்கள். ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்த பின்னரே எறியுங்கள். புதிய அமைப்பைப் பழகும் நாட்களில் தூண்டிலைக் கழற்றிவிட்டு, ஈயக்குண்டு மட்டும் கட்டி ஆளில்லாத வெளியில் பழகுங்கள்; கண்ணாடி அணியுங்கள். பாறையில் மாட்டிய பிரெய்ட் நூலைக் கையில் சுற்றி இழுக்காதீர்கள். அது விரலை எலும்புவரை வெட்டும், ஒரு மரக்கட்டையில் சுற்றி இழுங்கள். வெட்டிய தங்கூசியைக் கரையில் விடாமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

இவ்வளவும் செய்தும் சரிவராத ரீலைத் தாராளமாகக் கொண்டு வாருங்கள். திறக்காமல், குமிழை முறுக்காமல், நூலை வெட்டாமல், சிக்கோடு அப்படியே கொண்டு வாருங்கள். சிக்கு விழுந்த விதத்தைப் பார்த்தால் பிழை எங்கே இருக்கிறது என்று பாதி தெரிந்துவிடும். எறிந்த லூரையும் கூடவே எடுத்து வாருங்கள்.