ஐம்பது வயதுக்கு முன்பே வரும் பக்கவாதம்: அமெரிக்கத் தென்மாநிலங்கள் காட்டும் கணக்கு

அமெரிக்காவின் தென்கிழக்கில் வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா, டென்னசி, அலபாமா, மிசிசிப்பி, லூசியானா, ஆர்கன்சா ஆகிய எட்டு மாநிலங்களை மருத்துவ உலகம் ‘ஸ்ட்ரோக் பெல்ட்’, அதாவது பக்கவாதப் பட்டை, என்று அழைக்கிறது. நாட்டின் பிற பகுதிகளைவிட இங்கே பக்கவாதத்தால் இறப்பவர்கள் அதிகம் என்பது 1960களிலிருந்தே தெரிந்த செய்தி. கரோலினாக்கள், ஜார்ஜியா ஆகியவற்றின் கடலோரச் சமவெளியில் இந்த எண்ணிக்கை இன்னும் கூடுதல். கறுப்பின மக்கள் அதிகம் வாழும் பகுதி என்பதால்தான் இப்படி என்று சொல்லிக் கடந்துவிடவும் முடியாது. இங்கே வாழும் வெள்ளையர்களுக்கும் ஆபத்து கூடுதலாகவே இருக்கிறது. இனத்தின் கணக்கு வேறு, இடத்தின் கணக்கு வேறு. இரண்டும் ஒருவர் மீதே விழும்போதுதான் நிலைமை மோசமாகிறது.

இதைப் பிரித்து அறிவதற்காக அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்காம் வளாகத்தில் தொடங்கப்பட்டதுதான் ரிகார்ட்ஸ் ஆய்வு. 2003 முதல் 2007 வரை, 45 வயதைக் கடந்த 30,239 பேரை அதில் சேர்த்து, அவர்களுடைய வீட்டுக்கே சென்று ரத்த அழுத்தத்தை அளந்து, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் விசாரித்து வந்தார்கள். அதில் தெரியவந்தவற்றுள் நான் அடிக்கடி எடுத்துச் சொல்வது வயது பற்றிய முடிவைத்தான். 45 முதல் 54 வயது வரையிலான கறுப்பினத்தவருக்குப் பக்கவாதம் வரும் விகிதம் அதே வயது வெள்ளையரைவிட ஏறத்தாழ 4 மடங்கு. வயது ஏற ஏற அந்த வித்தியாசம் சுருங்கி, 85 வயதில் இல்லாமலே போகிறது. இன்னொன்று, பக்கவாதம் வந்தபின் பிழைப்பதில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை, வருவதில்தான் வேறுபாடு. ஆகவே, அவசர சிகிச்சைப் பிரிவை எவ்வளவு மேம்படுத்தினாலும் இந்த ஏற்றத்தாழ்வு பெரிதாகக் குறையப்போவதில்லை என்பது என் கருத்து.

அடையாளங்களை மாற்றி என் நோயாளி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஐம்பதை எட்டாத கறுப்பினத்தவர், கனரக லாரி ஓட்டுநர். வலது கை செயலிழந்து, பேச்சு குழறிய நிலையில் கொண்டுவரப்பட்டார். ரத்த அழுத்தம் 192/108. ஸ்கேனில் அன்றைய பாதிப்பு மட்டுமல்லாமல், மூளையின் ஆழத்தில் அவரே அறியாமல் எப்போதோ வந்துபோன சிறு பக்கவாதங்களின் தழும்புகளும் இருந்தன. தமக்கு ரத்தக் கொதிப்பு இருப்பது அவருக்கு நன்றாகத் தெரியும், பையில் மாத்திரைகளும் இருந்தன. ஆனால் அவற்றில் ஒன்று சிறுநீரை அதிகமாகப் பிரியச் செய்வது. நெடுஞ்சாலையில் நினைத்த இடத்தில் லாரியை நிறுத்த முடியாது என்பதால், வண்டி ஓட்டும் நாட்களில் அதை அவர் விழுங்குவதில்லை. முந்தைய மருத்துவக் குறிப்புகளில் 152, 148, 156 என்று ஒவ்வொரு முறையும் மேல் அழுத்தம் (இரு எண்களில் முதலாவது) பதிவாகியிருந்தது. ‘அடுத்த முறை பார்க்கலாம்’ என்ற குறிப்பும் உடன் இருந்தது. எந்த மாத்திரையை எந்த நாளில் தவிர்க்கிறீர்கள் என்று அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

இவர் விதிவிலக்கானவர் அல்லர். தங்களுக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதை அறிந்திருப்பதிலும், மருந்து எடுத்துக்கொள்வதிலும் கறுப்பினத்தவர் வெள்ளையரைவிட முன்னணியில் இருக்கிறார்கள், ஆனால் அழுத்தம் கட்டுக்குள் இருப்பதில் பின்தங்கியிருக்கிறார்கள் என்று அதே ஆய்வு காட்டியது. ‘அவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று நாங்கள், மருத்துவர்கள், எளிதாகச் சொல்லிவிடும் வழக்கம் இதனால் அடிபட்டுப்போகிறது. 2013இல் வெளியான மற்றொரு முடிவு இன்னும் கவலைக்குரியது: மேல் அழுத்தம் 10 புள்ளி கூடினால் வெள்ளையருக்குப் பக்கவாத ஆபத்து 8 சதவீதம் கூடுகிறது, கறுப்பினத்தவருக்கோ 24 சதவீதம். அப்படியிருக்க, 148ஐப் பார்த்துவிட்டு ‘பரவாயில்லை’ என்று சொல்வது யாருக்கு எவ்வளவு விலை வைக்கிறது என்பதை மருத்துவர்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

இது தோலின் நிறத்தாலோ மரபணுவாலோ விதிக்கப்பட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பரம்பரையின் பங்கு தெளிவாகத் தெரியும் இடம், ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்துபோகும் அரிவாள் அணு ரத்தசோகை. அந்த நோயுள்ள குழந்தைகளுக்கு மூளை ரத்த ஓட்டத்தை டாப்ளர் கருவியால் சோதித்து, தேவைப்படுவோருக்குத் தொடர்ந்து ரத்தம் ஏற்றினால் முதல் பக்கவாதத்தைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம் என்று 1998இலேயே நிரூபிக்கப்பட்டுவிட்டது. பெரியவர்களின் கதையில் வாழ்ந்த இடமும் சாப்பாடும் மேலோங்கி நிற்கின்றன. பதின்ம வயதைத் தென்மாநிலங்களில் கழித்தவர்களுக்கு, பின்னாளில் அவர்கள் எங்கே குடிபெயர்ந்தாலும், ஆபத்து ஓரளவு கூடுதலாகவே இருக்கிறது. அதனால்தான் நான் நோயாளியிடம் இப்போதைய முகவரியோடு நில்லாமல் பள்ளிப் படிப்பு எந்த ஊரில் என்றும் விசாரிக்கிறேன். கறுப்பினத்தவருக்கு உயர் ரத்த அழுத்தம் ஏன் கூடுதலாக வருகிறது என்று 2018இல் ஆராய்ந்தபோது, பொரித்த உணவு, பதப்படுத்திய இறைச்சி, இனிப்புப் பானங்கள் என்ற தென்பகுதி உணவுமுறைதான் மிகப் பெரிய காரணமாக வெளிப்பட்டது. ஆண்களிடம் காணப்பட்ட வித்தியாசத்தில் பாதிக்குமேல் அதனுடைய பங்கு.

அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் இந்த எண்களைத் தங்களுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம். ரிகார்ட்ஸில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் மட்டுமே சேர்க்கப்பட்டார்கள். தெற்காசியர்களுக்குக் குறைந்த உடல் எடையிலேயே சர்க்கரை நோய் வருகிறது. ஆசிய வழியினருக்கு உடல் நிறை குறியீடு (உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் அளவு) 23ஐத் தொட்டாலே சர்க்கரை நோய்க்கான பரிசோதனை செய்யச் சொல்கிறது அமெரிக்க நீரிழிவுச் சங்கம். சர்க்கரை நோயும் பக்கவாதத்துக்கான நேர்வழிதான்.

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தாழ்வது, பேச்சு குழறுவது, திடீரென்று பார்வையோ நிலையோ தடுமாறுவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அவசர உதவி எண்ணான 911ஐ அழையுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். ‘தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்’ என்று படுத்துக்கொள்பவர்களே அந்த நேரத்தைப் பெரும்பாலும் இழக்கிறார்கள்.

மாற்ற முடியுமா என்று கேட்பவர்களுக்கு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் கறுப்பின ஆண்கள் வழக்கமாகச் செல்லும் 52 முடிதிருத்தும் கடைகளில் நடந்த ஆய்வைக் காட்டுவேன். முடிவுகள் 2018இல் வெளிவந்தன. சில கடைகளில் மருந்தாளுநர்களே வந்து அழுத்தத்தை அளந்து, வாடிக்கையாளரின் மருத்துவரோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி அங்கேயே மருந்தைக் கூட்டியும் மாற்றியும் கொடுத்தார்கள். மற்ற கடைகளில், மருத்துவரைப் போய்ப் பாருங்கள் என்று முடிதிருத்துபவர் அறிவுறுத்தினார். ஆறு மாதத்தில் முதல் வகைக் கடைகளில் மேல் அழுத்தம் சராசரியாக 27 புள்ளி இறங்கியது. இரண்டாம் வகையில் 9 புள்ளி.