நெற்றி மேட்டை எடுக்கத் தலைமுடிக்குள் ஒரு வழி

நெற்றியில் பட்டாணி அளவில் கல்போல ஒரு கட்டி. வலிக்கவில்லை, நகரவும் இல்லை. முகத்தில் தழும்பு விழாமல் எடுக்க முடியுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பெரும்பாலும் முடியும்.

அவர் சொல்லும் அடையாளங்கள் ஆஸ்டியோமாவுக்குப் பொருந்துகின்றன. மண்டையோட்டின் வெளித்தகட்டிலிருந்து ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும் எலும்பு மேடு அது, புற்றுநோய் அன்று. தசைக்கு அடியில் ஒளிந்திருக்கும் கொழுப்புக் கட்டியும் இப்படித் தோன்றி ஏமாற்றும் என்பதால் சிடி ஸ்கேன் எடுத்து உறுதிசெய்வார்கள். மேடுகள் பல இருந்தால் பெருங்குடலையும் சோதிப்பது நல்லது. கார்ட்னர் நோய்க்குறியில் இவற்றோடு, புற்றாக மாறக்கூடிய பாலிப்புகள் என்னும் சதை முளைகளும் குடலில் வரும். களிம்பு தடவினால் கரைந்துவிடும் என்பவர்களை நம்ப வேண்டாம். எலும்பைக் கரைக்கும் களிம்பு மேட்டோடு நின்றுவிடுமா, என்ன?

தழும்பு தெரியாமல் எடுக்க, தலைமுடிக்குள் சிறிதாக வெட்டி, எண்டோஸ்கோப் என்னும் மெல்லிய கேமராக் குழாய் வழியே பார்த்துக்கொண்டு வேலை செய்வார்கள். வயிற்றுக்குள் எண்டோஸ்கோப்பை விடுபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வாயுவை நிரப்பினால் வயிறு உப்பி இடம் கிடைத்துவிடும். நெற்றியில் ஏது இடம்? தோலும் தசையும் எலும்பின்மேல் படிந்து கிடக்கின்றன. ஆகவே இடத்தையே உண்டாக்க வேண்டும். எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வு நெற்றியின் பெரும்பகுதியில் சற்றுத் தளர்வாகத்தான் ஒட்டியிருக்கிறது. முடிக்கோட்டுக்குப் பின்னால் ஓரிரு சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, மழுங்கலான கருவியை விட்டு, தலையணைக்கும் உறைக்கும் நடுவே கையை நுழைப்பதுபோல அந்தச் சவ்வைக் கிளப்பிக்கொண்டே போவார்கள். சற்றுமுன் இல்லாத ஓர் அறை உருவாகிவிடும்! இதில் என்னைக் கவர்ந்த நுட்பம் வேறு: நெற்றிக்கு உணர்வு தரும் நரம்புகளும் முக்கிய ரத்தக்குழாய்களும் சவ்வுக்கு மேலேதான் ஓடுகின்றன. கூரை உயரும்போது அவையும் கூடவே உயர்ந்துவிடுகின்றன. கீழே வெள்ளை எலும்பும் மேடும் மட்டுமே மிஞ்சும், ரத்தக்கசிவும் குறைவு. புருவ விளிம்பில் மட்டும் நிதானம் தேவை. நரம்புகள் எலும்பை விட்டு வெளியேறும் வாசல் அங்கே இருக்கிறது.

பிறகு உளியும் சிறு சுத்தியலும். அல்லது சுழன்று அரைக்கும் டிரில். சூடு எலும்பைக் கொன்றுவிடும் என்பதால் டிரில் ஓடும்போது சலைன் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். சில காலம் நெற்றியோ உச்சந்தலையோ மரத்துப்போகலாம்.

மேடு உறுத்தாவிட்டால் அப்படியே விட்டுவிடலாம். முடிக்கோடு வெகுவாகப் பின்வாங்கியவர்களுக்கோ இந்த முறையின் லாபம் குறைவு. தழும்பை மறைக்கத் தலைமுடியும் இல்லை, கருவிக்குத் தூரமும் கூடுகிறது. அவர்களுக்கு நெற்றிச் சுருக்கத்தின் மடிப்பிலேயே வெட்டுவது எளிதாக இருக்கலாம்.