மன்னிக்கப்பட்ட பாவத்துக்குத் தினமும் மன்னிப்பு கேட்பவர்களுக்கு

"ஆண்டவர் மன்னிச்சிட்டார், தெரியும். என்னாலதான் என்னை மன்னிக்க முடியலை." ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சொல்கிறவர்களில் பலர் சபையில் முன்னால் நிற்பவர்கள்: ஜெபக்குழு நடத்துகிறவர்கள், ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள். பல வருடங்களுக்கு முன் அறிக்கையிட்ட பாவத்தை இன்றைக்கும் இரவு ஜெபத்தில் அறிக்கையிடுகிறார்கள். கேட்டால் தாழ்மை என்கிறார்கள்.

இதில் தாழ்மை எங்கே இருக்கிறது? உன்னை நீயே மன்னித்துக்கொள் என்று வேதத்தில் எங்கும் கட்டளை இல்லை. பாவத்துக்குத் தீர்ப்புச் சொல்லும் ஆசனம் உங்களுடையதே இல்லையே! 1 யோவான் 1:9-ஐ எடுத்து வாசியுங்கள். "அறிக்கையிட்டால்" என்ற ஒரே நிபந்தனைதான் அங்கே. எத்தனை தடவை, எத்தனை நாள் உபவாசம், எவ்வளவு கண்ணீர் என்று ஒன்றும் போடவில்லை. அதே நிருபம் 3:20-இல், நம் இருதயமே நம்மைக் குற்றவாளியாகத் தீர்த்தாலும் தேவன் நம் இருதயத்திலும் பெரியவர் என்கிறார் யோவான். மனம் சமாதானமானால்தான் மன்னிப்பு கிடைத்ததாக அர்த்தம் என்று அவர் சொல்லவே இல்லை. கடனை அடைத்த பிறகும் மாதாமாதம் வட்டி கட்டப் போய் வரிசையில் நிற்பவரை என்னவென்று சொல்வது?

ஆவியானவர் உணர்த்துவதற்கும் இந்தக் குற்றஞ்சாட்டலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்கள் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கு, என்ன செய்தேன் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "தம்பியின் பங்குப் பணத்தை மறைத்தேன்" என்று எழுத முடிந்தால் அது உணர்த்துதல். செய்ய ஒரு வேலை இருக்கிறது. "நான் ஒன்றுக்கும் உதவாதவன், கேடுகெட்டவன்" என்றுதான் பேனா ஓடுகிறதா? அங்கே அறிக்கையிட ஒரு செயலும் இல்லை. பெயர், செயல், திருத்த வழி மூன்றும் இல்லாத குற்ற உணர்வைத் தேவசத்தம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எழுத முடிந்ததா? அப்படியானால் ஒரு தடவை, அந்தச் செயலைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். "தெரிந்தும் தெரியாமலும் செய்த எல்லாப் பாவங்களும்" என்று மொத்தமாக மூட்டை கட்ட வேண்டாம். எடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள். எண்ணாகமம் 5:7 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. வரி வசூலிப்பவனான சகேயு நாலத்தனை தருகிறேன் என்றான். யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது; முதிர்ச்சியுள்ள ஒருவரிடம் சொல்லுங்கள். ஒருவர் போதும், சாட்சி நேரத்தில் மைக் பிடிக்க வேண்டாம். உங்கள் நெஞ்சு லேசாவதற்காக, ஒன்றும் அறியாத இன்னொருவர் தலையில் இடியை இறக்கிவிடாதீர்கள், ஆலோசித்துவிட்டுச் செய்யுங்கள். அடுத்த நாள் அதே நினைவு வந்தால் மறுபடி மன்னிப்பு கேட்காமல், "மன்னித்ததற்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டுக் கைவேலையைத் தொடருங்கள். முதல் சில வாரம் இது பொய்யாகத்தான் தோன்றும். தோன்றட்டும்.

யாரிடம் கொண்டுபோகிறோம் என்பதும் முக்கியம். மத்தேயு 27-இல், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் பாவத்தை ஒத்துக்கொண்டான், முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான். ஆனால் போனது பிரதான ஆசாரியரிடம். "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்று அனுப்பிவிட்டார்கள். இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவோ கரையில் அவரைக் கண்டதும் கடலில் குதித்து அவரிடம் போனான்.

திருவிருந்துப் பந்தி நாளில் தகுதியில்லை என்று நழுவிவிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1 கொரிந்தியர் 11:28 தன்னைச் சோதித்தறிந்து "புசித்து" என்றுதான் போகிறது, சோதித்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போ என்று அல்ல. பவுல் அங்கே கண்டித்தது, ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் வெறியாயிருந்த அந்தக் கூத்தை.

சிறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள், அடி வாங்கியவர்கள்: அதில் நீங்கள் அறிக்கையிட ஒன்றுமே இல்லை. தயவுசெய்து யாரும் அவர்களை முழங்கால்போட வைத்து "மன்னிப்பு கேள்" என்று சொல்லாதீர்கள். பாவம் செய்தவன் வேறு ஆள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. தேவதூஷணம் சொல்லிவிட்டேனோ, அறிக்கை சரியாக வந்ததோ என்று ஒரே நாளில் பத்துத் தடவை கேட்பவர்கள். சபைச் சீர்திருத்தவாதி லூத்தர் மடத்தில் இருந்த நாட்களில் மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்து தன் மேலாளர் ஸ்டௌபிட்ஸைச் சலிக்க வைத்தவர். இன்று இப்படி வருகிறவர்களில் பலருக்கு இருப்பது எண்ணச் சுழற்சி நோய் (OCD). போதகர்களே, இவர்களிடம் விசுவாசம் போதாது என்று சொல்லாதீர்கள். "மன்னிச்சிட்டார், பயப்படாதே" என்று ஒவ்வொரு தடவையும் தேற்றவும் தேற்றாதீர்கள். தேற்றுதல் கொஞ்ச நேரம்தான் நிற்கும், பிறகு சந்தேகம் இன்னும் பலமாகத் திரும்பும். மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். இதற்குப் பயிற்சிச் சிகிச்சையும் மருந்தும் உண்டு. தூக்கம், பசி கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் தாண்டிக் குற்ற உணர்வே மேலோங்கி நின்றால் மனச்சோர்வு நோயா என்று பார்க்க வேண்டும்.

"நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நல்லது" என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே மருத்துவமனை. உபவாச ஜெபம் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள், தனியாக விடாதீர்கள். மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்ல எந்தப் போதகருக்கும் உரிமை இல்லை; அளவைக் குறைப்பதானாலும் எழுதிக் கொடுத்த மருத்துவரைத்தான் கேட்க வேண்டும்.